வைல்ட்மவுண்ட்: நேரலையைப் பார்க்காதவரின் மேசையில்

‘எக்ஸ்ப்ளோரர்ஸ் கைடு டு வைல்ட்மவுண்ட்’ என்னும் ஆட்ட உலக வழிகாட்டி நூலை வாங்கியபோது, அதற்கு அடிப்படையான நேரலையில் ஒரு பகுதியைக்கூட நான் முழுமையாகப் பார்த்திருக்கவில்லை. பின்னணிக் குரல் கலைஞர்கள் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த மற்றவர்கள் கதாபாத்திரங்களாகிப் பகடை உருட்டும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுவதை 2015 மார்ச் முதல் இணையத்தில் ஒளிபரப்பிவரும் நிகழ்ச்சியே கிரிட்டிக்கல் ரோல். ஒரு பகுதி மூன்று நான்கு மணி நேரம் ஓடும். வைல்ட்மவுண்ட் என்னும் கற்பனை நிலத்தில் நடக்கும் இரண்டாம் தொடரில் மட்டும் 141 பகுதிகள் உள்ளன. அவ்வளவையும் பார்த்து முடித்த பிறகுதான் நூலைத் திறக்க வேண்டுமென்றால், எனக்கு ஆட்டம் நடத்தவே நேரம் இருக்காது. எனவே, நிகழ்ச்சியை அறியாத ஒருவருக்கு இந்நூல் எவ்வளவு உதவும் என்பதையே இங்கு பார்க்கிறேன்.

2020 ஜனவரியில் இந்நூலின் அறிவிப்பு வந்தபோது ஆட்டத்தின் ரசிகர் கூட்டம் இரண்டுபட்டது. நிகழ்ச்சியின் ரசிகர்கள் கொண்டாடினார்கள். டார்க் சன், பிளேன்ஸ்கேப், ஸ்பெல்ஜாமர் போன்ற ஆட்டத்தின் பழைய உலகங்கள் அதன் ஐந்தாம் பதிப்புக்கு எப்போது வரும் என்று காத்திருந்தவர்களுக்கோ, வரிசையில் நிற்பவர்களைத் தாண்டி நேற்று வந்தவரை உள்ளே அழைத்துக்கொண்டதைப் போலிருந்தது. 2017இல் இதே நிகழ்ச்சியின் டால்டோரே உலகத்தைக் கிரீன் ரோனின் பதிப்பகம் வெளியிட்டபோது இவ்வளவு கொதிப்பு எழவில்லை. இம்முறை நூலின் மீது ஆட்டத்தையே வெளியிடும் நிறுவனமான விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்டின் முத்திரை இருந்ததே வேறுபாடு. அதிலும், அக்விசிஷன்ஸ் இன்கார்ப்பரேட்டட் என்னும் இன்னொரு நேரலை ஆட்டத்தின் நூல் 2019 ஜூனில்தான் அதே முத்திரையுடன் வந்திருந்தது. ஸ்பெல்ஜாமர் 2022இலும் பிளேன்ஸ்கேப் 2023இலும் வந்துவிட்டதால், அந்தக் கோபத்தில் பாதி இன்று ஆறியிருக்கும். எஞ்சியிருப்பது, வேறொருவர் ஆடி முடித்த ஆட்டத்தை நாம் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்ற கேள்வி. அது நியாயமான கேள்விதான்.

ஆனால் 304 பக்கங்களையும் படித்தவர்கள் அந்தக் கேள்வியை இந்நூலின் மீது வைப்பது கடினம். முதன்மை ஆசிரியரான மேத்யூ மெர்சர், தம் நிகழ்ச்சியின் நாயகர்களைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, நாட்டையும் போரையும் மட்டும் நம் கையில் கொடுக்கிறார். மேற்கே டுவெண்டேலியப் பேரரசு. அங்கே அரசு ஒப்புக்கொண்ட தெய்வங்களைத் தவிர வேறு தெய்வத்தை வணங்குவது குற்றம். கிழக்கே ஸோர்ஹாஸில் கிரின் வம்சம். லக்ஸான் என்னும் ஒளியை வழிபடும் அவர்களிடம், இறந்தவரின் ஆன்மாவை மறுபிறவிக்குக் கொண்டுசெல்லும் புனிதப் பொருள்கள் இருக்கின்றன. வழக்கமாக வில்லன்களாகவே வந்துபோகும் ட்ரோ என்னும் இருள் எல்ஃப் இனத்தார் இங்கே கோயிலும் அரசவையும் குடும்பமும் உள்ள குடிமக்கள். இரு தரப்புக்கும் தத்தம் நியாயம் இருப்பதால், எங்கள் மேசையில் யார் பக்கம் சேர்வது என்ற விவாதத்திலேயே ஒரு மாலை முழுவதும் கழிந்தது.

நூலின் ஆகச்சிறந்த பகுதி ‘ஹீரோயிக் க்ரானிக்கிள்’. பிறந்த ஊர், உறவினர், நண்பர், பகைவர், விருப்பமான உணவு, தன்னைப் பற்றிய தீர்க்கதரிசனம் என ஒரு கதாபாத்திரத்தின் கடந்த காலத்தைப் பகடை உருட்டியே கட்டிவிடலாம். எங்கள் குழுவில் ஒருவர், எந்த ஆட்டமானாலும் தாய் தந்தையற்ற போர்வீரனோடுதான் வருவார். அவருக்குப் பகடை ஒரு குடும்பத்தையும் ஒரு பகைவனையும் கொடுத்தது. அந்தப் பகைவனை, தன் தங்கையின் சம்பளத்தை நிறுத்திவைத்திருக்கும் படைக் கணக்கனாக அவரே அமைத்துக்கொண்டார். மூன்றாவது அமர்வில், பேரரசுக்கும் வம்சத்துக்குமான போரை மறந்துவிட்டு ஐந்து பேரும் அந்தக் கணக்கனைத் துரத்திக்கொண்டிருந்தோம். நேரலையைப் பார்த்திருந்தாலும் பார்க்காவிட்டாலும் இது கிடைக்கும்.

விதிகளைப் பற்றி அதே அளவு மகிழ்ச்சியோடு எழுத முடியவில்லை. எக்கோ நைட் என்னும் போர்வீரன் தன் நிழலுருவை 15 அடிக்குள் எழுப்பி, அது நிற்கும் இடத்திலிருந்தே வாளை வீசலாம், வேண்டும்போது அதனோடு இடமும் மாறிக்கொள்ளலாம். பள்ளத்துக்கு அப்பால் நின்ற வில்லாளியை, எக்கோ நைட்டாக ஆடியவர் முதன்முறை அப்படி வீழ்த்தியபோது மேசையே ஆர்ப்பரித்தது. ஆயினும் நிழல் எதைப் பார்க்கும், எதற்கு இலக்காகும் என்பதில் விதியின் சொற்கள் தெளிவாக இல்லாததால், ஒவ்வொரு சண்டையிலும் நான் நீதிபதி வேலை பார்க்க வேண்டியிருந்தது. காலத்தை வளைக்கும் க்ரோனர்ஜி மந்திரவாதியோ அளவுக்கு மீறிய வலிமையுடையவர்: 30 அடிக்குள் நிற்கும் கதாபாத்திரத்துக்காக உருட்டிய இருபது முகப் பகடையின் முடிவைப் பார்த்த பிறகும் மீண்டும் உருட்டச் செய்வார், பத்தாம் நிலையில் ஒரு மந்திரத்தை மணிபோல் திரட்டி நண்பரிடம் கொடுத்துவிடுவார். இவர் மேசைக்கு வருமுன் ஆட்டம் நடத்துபவர் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது.

தொடக்கநிலைக்கான நான்கு சாகசங்கள் சேர்க்கப்பட்டுள்ளன; சூடு பிடிக்கும்போதே முடிந்துவிடுகின்றன.

வேறொருவர் ஆடி முடித்த ஆட்டத்தில் மாட்டிக்கொள்வோம் என்று பழைய உலகங்களின் ரசிகர்கள் அஞ்சியது நூலில் நடக்கவில்லை, மேசையில்தான் நடந்தது. எங்களில் ஒருவர் இரண்டாம் தொடரை ஒரு பகுதி விடாமல் பார்த்தவர். பேரரசின் ஸடாஷ் நகரின் விடுதிக்காரி ஒருத்தியாக நான் இரண்டு வரி பேசுவதற்குள், அவள் அப்படிப் பேசமாட்டாள் என்று கை உயர்த்தினார். அச்சில் உள்ளதைக் காட்டி வாதிடலாம். அவர் கேட்ட குரலோடு யார் வாதிடுவது? உங்கள் ஆட்டத்தில் நடப்பதே உங்கள் உலகம் என்ற நிலைப்பாட்டில்தான் நூல் நிற்கிறது. ஆனால் நூற்றுக்கணக்கான மணி நேரம் கேட்டுப் பழகிய காதுக்கு அது போதவில்லை. இரண்டு அமர்வுகள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாவதில், விடுதிக்காரி யாரென்று எழுதிவைத்திருந்த தாளை அவர் பக்கம் தள்ளி, இனி அவள் உங்கள் பொறுப்பு என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, நேரலையில் வந்த குரலிலேயே எங்களிடம் அறைக்கு இரட்டை வாடகை கேட்டார்.