‘180 நாளில் மக்கும்’ பை: எட்டு மாதம் கழித்தும் என் கம்போஸ்ட் தொட்டியில்தான் இருக்கிறது

கொஞ்சம் நீளமான பதிவு. பசுமைப் பொருள் என்று இணையத்தில் குப்பைப் பை, மூங்கில் கோப்பை, துண்டு எல்லாம் வாங்குகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் அடுத்த மாதமே வேறு பெயரில், அதே பச்சை இலைப் படத்தோடு வந்து நிற்பார்கள். நான் எப்படி ஏமாந்தேன் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

போன வருடம் வீட்டில் பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டும் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். முடிவெடுத்த கையோடு நான் செய்த முதல் காரியம், போனை எடுத்து ஆர்டர் போட்டது. குறைக்க நினைத்தவன் ஏன் வாங்க ஆரம்பித்தேன் என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

ஒரு ‘தொடக்கப் பெட்டி’. குப்பைப் பைச் சுருள்கள், நான்கு மூங்கில் கோப்பைகள், இரண்டு மூங்கில் துண்டுகள், இலவசமாக ஒரு பருத்திப் பை. பைகள் மட்டும் சாதாரணப் பையைவிட மூன்று மடங்கு விலை. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில்: “100 சதவீதம் மக்கும். 180 நாளில் மண்ணோடு மண்ணாகும். ஏஎஸ்டிஎம் சான்று பெற்றது.” பணம் கட்டும் பக்கத்தில் ‘என் பெயரில் ஒரு மரம் நடுங்கள்’ என்ற கட்டத்தில் அவர்களே டிக் போட்டு வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெட்டி தானாக வரும் என்ற கட்டத்திலும். முதலாவதைப் பார்த்து நெகிழ்ந்துபோய் இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

பெட்டி வந்தது. திறந்தால் உள்ளே தெர்மாகோல் உருண்டைகள். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். “கூரியர்காரர்கள் போட்டிருப்பார்கள்” என்று நானே அவர்களுக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் கம்பி வலையால் ஆன கம்போஸ்ட் தொட்டி இருக்கிறது. காய்கறித் தோலைப் பையோடு சேர்த்தே உள்ளே போட ஆரம்பித்தோம். மக்கும் பைதானே, பிரித்துக் கொட்டுவானேன்? ஆறு மாதம் கழித்துக் கிளறிப் பார்த்தேன், பை இருந்தது. சரி, குளிர் காலம், மெதுவாகத்தான் ஆகும் என்று விட்டேன். எட்டாவது மாதம் தொட்டியை முழுவதும் கவிழ்த்தோம்.

தோல், இலை, அட்டை எல்லாம் கருப்பாக, ஈர மண் வாசனையோடு, அருமையான உரமாகியிருந்தது. நடுவில் புதைந்திருந்த பைகளை இழுத்தால் முழுசாக வருகின்றன. கழுவிக் காயவைத்தால் இன்னொரு முறை பயன்படுத்தலாம் போல. கம்பி வலை ஓரமாக வெயில் பட்ட பைகளின் கதை வேறு. அவை தொட்டால் பொரிந்து விழுந்தன. நகத்தளவு பச்சைச் செதில்கள். விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் இரண்டாகும், நான்காகும், காணாமல் மட்டும் போகாது. மனைவி ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினாள். “ஏங்க, இலைப் படம் அப்படியே இருக்கு. பக்கத்துல 180ங்கறது கூடப் படிக்க முடியுது.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சல்லடை வைத்துச் சலித்தோம். பெரிய துண்டுகள் வந்தன. சின்னவை சல்லடைக் கண் வழியாக உரத்தோடு போய்விட்டன.

வாடிக்கையாளர் சேவைக்குப் படத்தோடு மெயில் போட்டேன். மூன்றாம் நாள் பதில். “வணக்கம் சார், தங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம். மக்கும் காலம் சூழலைப் பொறுத்து மாறுபடும். மேலும், பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது. திருப்பி அனுப்பும் காலமான 30 நாள்களும் முடிந்துவிட்டன.” பை மக்குகிறதா என்று பார்க்க 180 நாள் வேண்டும், திருப்பி அனுப்ப 30 நாள்தான். பயன்படுத்தாமல் எப்படி ஐயா கண்டுபிடிப்பது என்று கேட்டேன். பதில் இல்லை. சான்றிதழ் அனுப்புங்கள் என்று நான்கு முறை கேட்ட பிறகு ஒரு பிடிஎஃப் வந்தது.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். பிடிஎஃப்பில் பெரிய முத்திரை, கையெழுத்து எல்லாம் உண்டு. கீழே எந்த முறைப்படி சோதித்தார்கள் என்ற வரியில் ‘ஏஎஸ்டிஎம் டி6954’ என்று இருந்தது. நானும் முதலில் எண்தானே என்று தாண்டிப் போனேன். பிறகு தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கம்போஸ்ட் ஆகும் பிளாஸ்டிக்குக்கான ஏஎஸ்டிஎம் தரநிலை டி6400. ஐரோப்பாவில் அதற்கு இணையானது ஈஎன் 13432. டி6954 என்பது வேறு சங்கதி. காற்றிலுள்ள ஆக்ஸிஜனால் சிதைந்து பிறகு மக்கும் என்று சொல்லப்படும் பிளாஸ்டிக்கை எப்படிச் சோதிப்பது என்கிற வழிகாட்டி அது. இன்னொன்று, ஏஎஸ்டிஎம் இந்த மாதிரிப் பைகளுக்குச் சான்று கொடுப்பதில்லை. அது தரநிலைகளை எழுதி வெளியிடும் அமைப்பு. சான்று தருவது வேறு நிறுவனங்கள். ஆக ‘ஏஎஸ்டிஎம் சான்று பெற்றது’ என்ற வரியைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டிருக்கலாம்.

அந்தப் பை சாதாரண பாலிஎத்திலீன்தான் என்பது என் கணிப்பு. அதில் இரும்பு, மாங்கனீசு, கோபால்ட் போன்ற உலோக உப்புகளைக் கொஞ்சம் கலந்தால் வெயிலிலும் சூட்டிலும் சீக்கிரம் நொறுங்கும். ஆக்ஸோ வகை என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஒரு பையைக் கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் துண்டாக்கிக் கொடுக்கும் தொழில்நுட்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2019ல் கொண்டுவந்த ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் சட்டத்தில் இந்த வகையையே தடை செய்தது. 2021 ஜூலையிலிருந்து அங்கே விற்க முடியாது. வெயில் பட்ட பை நொறுங்கியதும் புதைந்த பை அப்படியே இருந்ததும் ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

வீட்டிலேயே ஒரு சின்னப் பரீட்சையும் செய்து பார்த்தேன். டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, பையின் ஒரு துண்டை அமுக்கி விட்டேன். மேலே வந்து மிதந்தது. பாலிஎத்திலீன் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். உண்மையான கம்போஸ்ட் பைகள் பிஎல்ஏ (சோளம் போன்ற பயிர்களிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்), மாவுப்பொருள் போன்றவற்றால் ஆனவை, தண்ணீரைவிடக் கனம், மூழ்கும். சுண்ணாம்புத் தூள் கலந்து கனமாக்கிய பிளாஸ்டிக்கும் மூழ்கிவிடும் என்பதால், மூழ்கினால் நல்ல பை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மிதந்தால் மட்டும் உஷாராகுங்கள்.

இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல வகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் திறந்த வெளியிலும் மூன்று வருடம் வைத்துப் பார்த்து 2019ல் முடிவை வெளியிட்டார்கள். ‘மக்கும்’ என்று விற்கப்பட்ட பை, மண்ணிலும் கடலிலும் மூன்று வருடம் கிடந்த பிறகும் கடைச் சாமான்களைச் சுமந்தது. அதைப் படித்தபோது என் எட்டு மாதம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. இந்த ஆய்வில் இன்னொரு சேதியும் உண்டு. கம்போஸ்ட் பை என்று விற்கப்பட்டது கடலில் மூன்று மாதத்தில் காணாமல் போனது. ஆனால் மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது, பாரம் வைத்தால் மட்டும் கிழிந்தது.

ஆகவே டி6400 என்றே போட்டிருந்தாலும் அவசரப்படாதீர்கள். அதுவும் ஈஎன் 13432-ம் பேசுவது தொழில்முறைக் கம்போஸ்ட் ஆலையைப் பற்றி. சோதனை நடப்பது 58 டிகிரி வாக்கில். நம் வீட்டுத் தொட்டி அந்தச் சூட்டில் நாள்கணக்கில் நிற்காது. வீட்டுக் கம்போஸ்டுக்கு என்றே தனிச் சான்று உண்டு. 20 முதல் 30 டிகிரிக்குள் சோதிப்பார்கள், ஒரு வருடம் வரை அவகாசம். சான்றுச் சின்னத்துக்குப் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். அதைச் சான்று கொடுத்த நிறுவனத்தின் தளத்தில் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்கு, எவ்வளவு தடிமன் வரை என்று வர வேண்டும். என் பையில் இருந்தது வெறும் இலைப் படம். இலையை யார் வேண்டுமானாலும் வரையலாம், என் அக்கா பையன் இன்னும் நன்றாக வரைவான்.

கோப்பை விஷயம் பையைவிட மோசம், ஏனென்றால் அதில் வாய் வைத்துக் குடித்தோம். ‘இயற்கை மூங்கில்’ என்று எழுதியிருந்தது. சூடாக ஊற்றினால் லேசாக மருந்துக்கடை நெடி. மூன்று மாதத்தில் உள்பக்கம் வழவழப்பு போய், சுண்ணாம்புச் சுவரைத் தடவுவது மாதிரி சொரசொரப்பானது. அடியைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் ‘மைக்ரோவேவில் வைக்காதீர்கள்’. முழு மூங்கிலைக் குடைந்து செய்ததல்ல இது. மூங்கில் தூளை மெலமின்-ஃபார்மால்டிஹைட் பிசினில் குழைத்து அச்சில் வார்த்தது. பிசின் என்றால் பிளாஸ்டிக்தான். சூடான பானம் ஊற்றும்போது இந்த வகைக் கோப்பைகளில் சிலவற்றிலிருந்து மெலமினும் ஃபார்மால்டிஹைடும் அளவுக்கு மீறிக் கசிகின்றன என்று ஜெர்மனியின் அரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2020ல் எச்சரித்திருக்கிறது. உணவு படும் பிளாஸ்டிக்கில் மூங்கில் தூள் கலக்க ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதியே கிடையாது. கடைக்காரர்களிடம் இதைக் கேட்டதற்கு வந்த பதில்: “எங்கள் பொருள்கள் அனைத்தும் இயற்கைக்கு இணக்கமானவை.” இந்த மாதிரி வாக்கியம் எழுதுவதற்கென்றே ஆள் வைத்திருப்பார்கள் போல.

அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள். “ஏண்டா, வீட்ல இருந்த எவர்சில்வர் டம்ளர் உன்ன என்ன பண்ணுச்சு?”

துண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மென்மையாகத்தான் இருந்தது. உள்ளே மடித்துத் தைத்த பட்டியில் ‘விஸ்கோஸ்’ என்று இருந்தது. மூங்கிலைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து இழுத்த நூல். கார்பன் டைசல்ஃபைடு ஆலையில் வேலை செய்கிறவர்களின் நரம்பைப் பாதிக்கும் ரசாயனம். இதை வெறுமனே மூங்கில் என்று சொல்லி விற்கக் கூடாது, ரேயான் என்று சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009லிருந்தே நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுத்து வருகிறது.

இலவசப் பருத்திப் பை வேறு ஒவ்வொரு பெட்டியோடும் வந்தது. அவர்களிடமிருந்து வந்ததும் அங்கே இங்கே கிடைத்ததுமாக இப்போது வீட்டில் பதினொன்று. டென்மார்க் சுற்றுச்சூழல் துறையின் 2018 ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தாலே, இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்திப் பை ஒன்றை 149 தடவை பயன்படுத்தினால்தான் அது கடையில் தரும் ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். சாதாரணப் பருத்தி என்றால் 52. மற்ற பாதிப்புகளையும் சேர்த்தால் எண் ஆயிரக்கணக்கில் போகிறது. என்னிடம் இருப்பவை எல்லாம் இயற்கைப் பருத்தி என்றே நம்பினால், தினம் ஒருமுறை கடைக்குப் போனாலும் கணக்கை நேர் செய்ய நாலரை வருடம் ஆகும்.

பணம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். தானாக வரும் பெட்டியை நிறுத்த அவர்கள் தளத்தில் பொத்தான் இல்லை. மெயில் போட வேண்டும், அதற்குப் பதில் வராது, இடையில் அடுத்த தவணை எடுத்துவிடுவார்கள். கடைசியில் கார்டு கொடுத்த வங்கியில் புகார் எழுதினேன். நிறுத்தச் சொன்ன மெயில்களின் தேதிகளைக் காட்டியதால் கடைசி இரண்டு தவணை மட்டும் திரும்பி வந்தது. முதல் பெட்டிக்கு ஒன்றும் இல்லை. படத்தோடு நான் எழுதிய விமர்சனமும் அவர்கள் தளத்தில் வரவே இல்லை. இன்றைக்கும் அங்கே ஐந்து நட்சத்திரம் மட்டும்தான் ஜொலிக்கிறது. என் பெயரில் நட்ட மரம் எங்கே என்று கேட்ட மெயிலுக்கும் பதில் இல்லை.

இப்போது எதை எடுத்தாலும் முன்பக்கத்தைப் படிப்பதில்லை, திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறேன். என்ன பொருளால் ஆனது, எங்கே மக்கும், எத்தனை நாளில், யார் சொன்னது. நாலுக்கும் பதில் இல்லையென்றால் வைத்துவிடுகிறேன். ‘பசுமையானது’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ போன்ற பொத்தாம்பொதுவான சொற்களை விளம்பரத்தில் போடவே கூடாது என்று ஐஎஸ்ஓ 14021 என்ற உலகத் தரநிலை சொல்கிறது. என் பெட்டியின் மேல் அந்த இரண்டு சொற்களைத் தவிர வேறொன்றும் இல்லை. குப்பைக்குப் பை வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. குப்பைத் தொட்டியில் பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டு, நிறைந்ததும் கொட்டிக் கழுவுகிறோம்.

அந்த உரம்தான் பிரச்சினை. இரண்டு சாக்கு, மூலையில் நிற்கிறது. எட்டு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்தது. கையில் அள்ளினால் கருப்புக்கு நடுவே பச்சைப் பொடி மின்னுகிறது. செடிக்குப் போட மனம் வரவில்லை, குப்பையில் கொட்டவும் மனம் வரவில்லை. இதிலிருந்து பிளாஸ்டிக்கைப் பிரிக்க யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கிறேன்.