மலையிலேயே படிப்பதா, கீழே இறங்குவதா? நீலகிரிப் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரிச் செலவுக் கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்த வாரமே நீலகிரியில் வீட்டுக்கு வீடு போன் வர ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் கீழே உள்ள தனியார் கல்லூரிகளுக்கு ஆள் சேர்ப்பவர்கள்தான் பேசுவார்கள். "சீட் முடியப் போகுது, அட்வான்ஸ் மட்டும் கட்டிடுங்க, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். பச்சைத் தேயிலைக்கு இந்த மாதம் என்ன விலை கிடைக்கும் என்றே தெரியாத குடும்பம், அந்த ஒரு போனை நம்பி ஐயாயிரமோ பத்தாயிரமோ கட்டிவிடுகிறது. எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது என்பதைப் பிள்ளையின் மதிப்பெண்ணும் வீட்டின் வருமானமும் முடிவு செய்ய வேண்டும். போனில் முதலில் கூப்பிட்டவர் முடிவு செய்யக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கணக்கு.

பொதுவாகப் பேசினால் ஒன்றும் விளங்காது. அதனால் ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி, அதாவது படகர் கிராமம். வீட்டுக்கு ஒரு ஏக்கர் தேயிலை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். வணிகவியல் பிரிவில் நடுத்தரத்துக்குச் சற்று மேலான மதிப்பெண். பி.காம். படிக்க ஆசை. அவள் முன்னால் உள்ள வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதல் வழி, ஊட்டி அரசு கலைக் கல்லூரி. 1955-இல் தொடங்கியது. ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் இருக்கும் வளாகம் என்பதால் மலைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த இடம். அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையத்தில் பொது விண்ணப்பம்தான். சமீப ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் இன, பழங்குடியினப் பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். அரசுக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. மற்ற கட்டணங்கள் எல்லாம் சேர்ந்தாலும் தனியார் கல்லூரியின் ஒரு பருவக் கட்டணத்துக்குப் பக்கத்தில் வராது. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸும் உண்டு. கோத்தகிரியிலிருந்து ஊட்டி ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.

இதற்கு மேல் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் மேற்படிப்பில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழும். பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. ஆண்டுக்கு 12,000. ஊட்டியில் வீட்டிலிருந்தே போய்வந்து படிக்கும் பெண்ணுக்கு இந்தப் பணம் கட்டணம், புத்தகம், மதியச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் பெருமளவு போதும்.

இந்த வழியில் குறையே இல்லையா? இருக்கிறது. அரசுக் கல்லூரிகளில் நிரந்தர ஆசிரியர் பற்றாக்குறை பழைய கதை. பல துறைகள் கௌரவ விரிவுரையாளர்களை நம்பித்தான் ஓடுகின்றன. சில கல்லூரிகளில் ஷிப்ட் முறை உண்டு. மதிய ஷிப்டில் இடம் கிடைத்தால், ஹட்டிக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்த பிறகே சரி சொல்ல வேண்டும். விண்ணப்பிக்கும் முன்னால் காலை முதல் பஸ்ஸிலும் மாலை கடைசி பஸ்ஸிலும் ஒரு நாள் போய்வந்து பாருங்கள். கல்லூரியின் தரவரிசையை விட அந்த ஒரு நாள் அதிகம் சொல்லும். நவம்பர் மழையில் மண் சரிந்து பாதை அடைபடும் நாட்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, குன்னூர் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி. 1966-இலிருந்து மலைப் பெண்களைப் பட்டதாரிகளாக்கி வரும் அரசு உதவி பெறும் கல்லூரி. கோத்தகிரியிலிருந்து 20 கிலோமீட்டர் அளவுதான், ஊட்டியை விடக் கிட்டே. பெண்ணை அனுப்பத் தயங்கும் வீடுகள் இந்தப் பெயரைக் கேட்டால் ஒத்துக்கொள்ளும். என்னைப் பொறுத்தவரை அது சின்ன விஷயமில்லை. வீடு ஒத்துக்கொள்ளாமல் நின்றுபோன படிப்புகள் இந்த மலையில் நிறைய.

ஆனால் உதவி பெறும் கல்லூரிகள் எதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லூரி உதவி பெறுவது என்றால் அதிலுள்ள எல்லாப் படிப்பும் உதவி பெறுவது என்று பொருளில்லை. ஒரே வளாகத்தில் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். கட்டணம் இரண்டுக்கும் வெகு தூரம். விண்ணப்பம் வாங்கும்போதே "இந்த பி.காம். எய்டடா, செல்ஃப் பைனான்ஸா?" என்று கேட்டு, மூன்று வருடத்துக்கும் கட்டண விவரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புதுமைப் பெண் பணத்துக்கு மாணவி எந்தப் பள்ளியில் படித்தாள் என்பதுதான் கணக்கு. அதனால் இங்கே சேர்ந்தாலும் அது வரும். பெண்களுக்கான கட்டணமில்லா பஸ் பயணத்தை 2024-இல் மலைப் பகுதிக்கும் நீட்டியிருக்கிறார்கள். உங்கள் ஊர் பஸ் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று கண்டக்டரிடமே கேட்டுவிடலாம்.

ஊட்டி பி.காம்., குன்னூர் உதவி பெறும் பிரிவு பி.காம். இரண்டும் கிடைத்தால் நான் குன்னூரைச் சொல்வேன், பயண நேரத்துக்காக. குன்னூரில் சுயநிதிப் பிரிவுதான் கிடைக்கிறது என்றால் ஊட்டி.

மூன்றாவது, மலையிலிருந்து கீழே இறங்குவது. இதில்தான் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. கீழே என்றாலே கோயம்புத்தூர் என்று நினைக்கிறோம். கோத்தகிரிக்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான், ஊட்டிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அங்கே ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. அரவேனு, குஞ்சப்பனைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டியை விட மேட்டுப்பாளையம் கிட்டே. இருந்தும் பட்டியலில் அதை எழுதுபவர்கள் குறைவு.

கோயம்புத்தூரில் 1852-இல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரி, பேரும் உண்டு, அதனால் கட் ஆஃபும் அதிகம். புலியகுளத்தில் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. கட்டணம் இங்கேயும் அரசுக் கட்டணம்தான். ஆனால் தினமும் மலை ஏறி இறங்க முடியாது. தங்க வேண்டும். முழுக் கணக்கும் அந்த இடத்தில் புரண்டுவிடுகிறது. பிஜியில் (தனியார் தங்கும் விடுதியில்) தங்கிச் சாப்பிட மாதம் 6,000 ரூபாய் என்று சிக்கனமாகவே வைத்துக்கொண்டாலும், வருடம் பத்து மாதத்துக்கு 60,000. மூன்று வருடத்துக்கு 1,80,000. கல்லூரிக் கட்டணம் ஒரு பைசாகூட இல்லாமலே இவ்வளவு. தீபாவளிக்கும் படகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகைக்கும் ஊருக்கு வந்துபோகும் செலவு தனி.

இதைத் தாண்ட ஒரு வழி உண்டு, அரசு நலத்துறை விடுதிகள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைகள் நடத்தும் கல்லூரி மாணவர் விடுதிகளில் தங்கலும் சாப்பாடும் இலவசம். 2025 ஜூலையில் இவற்றுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். வருமான வரம்பு உண்டு, இடம் குறைவு. கல்லூரியில் சேர்ந்த பிறகு விடுதி தேடினால் கிடைப்பது கஷ்டம். கோயம்புத்தூர் அரசுக் கல்லூரியைப் பட்டியலில் எழுதும் அன்றே, அந்தப் பகுதியில் எந்த விடுதி, வார்டன் யார், எப்போது விண்ணப்பம் என்று விசாரிக்க வேண்டும். விடுதி உறுதியானால் கோயம்புத்தூர் நல்ல தேர்வு. பகுதி நேர வேலை, போட்டித் தேர்வுப் பயிற்சி, நூலகங்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். விடுதி இல்லையென்றால், பி.காம். போன்ற பொதுப் படிப்புக்காக அந்த 1,80,000-ஐச் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊட்டியில் படித்தாலும் கோயம்புத்தூரில் படித்தாலும் பட்டம் பாரதியார் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான்.

நான்காவது, அந்த போன் செய்த தனியார் கல்லூரி. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், அப்புறம் சீருடை, லேப், பிளேஸ்மென்ட் பயிற்சி என்று ஒவ்வொன்றாக வரும். வேறு எங்கும் இல்லாத ஒரு படிப்பு அங்கே இருந்தால் யோசிக்கலாம். அரசுக் கல்லூரியில் இருக்கும் அதே பாடத்துக்காக என்றால் கட்டத் தேவையில்லை. ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டியாகிவிட்டதா? பயப்பட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்னதாக விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும். நடைமுறைச் செலவு என்று பிடித்தாலும், அது 5 சதவீதத்துக்கு மேல், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. நாள் ஆக ஆகத் திரும்பும் தொகை குறையும். கடைசித் தேதி கழிந்து 30 நாள் தாண்டினால் ஒன்றும் வராது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளவே கூடாது, சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ரசீது இருந்தால்தான் இந்த விதி எல்லாம் உதவும்.

பொறியியல் கேட்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. அங்கே ஒரே கல்லூரியின் ஒரே வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரண்டு பேர் வெவ்வேறு கட்டணம் கட்டியிருப்பார்கள். அரசு கவுன்சிலிங் வழியாக வந்தவருக்குச் சுயநிதிக் கல்லூரியிலும் 2017-இல் நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்கு 50,000, தேசியத் தர அங்கீகாரம் (என்.பி.ஏ.) பெற்ற படிப்புக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டில் வந்தவருக்கு அவை முறையே 85,000, 87,000. கவுன்சிலிங் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் இன, பழங்குடியினருக்கு 250. அந்த ஒரே பதிவில் தமிழ்நாடு முழுக்க உள்ள கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இதில் இன்னும் பெரிய விஷயம் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் கட்டணச் சலுகை உண்டு. இந்தச் சலுகைகள் கவுன்சிலிங் வழியாக வந்தால்தான். மே மாதமே அவசரப்பட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்ட பெற்றோர், இலவசமாகப் படித்திருக்க வேண்டிய பிள்ளைக்காகக் கடன் வாங்குகிறார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. வேளாண்மைக்கும் இப்படித்தான், பொது விண்ணப்பம், 7.5 சதவீதம் உண்டு. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி வேளாண் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி. காட்டோரத்தில் வளர்ந்த பிள்ளைகள் வனவியலை விட்டுவிட்டு ஏதோ ஒரு பொறியியல் பிரிவுக்கு ஓடுவது ஏனென்று புரியவில்லை. காட்டுயிர்மேல் ஆர்வமிருந்தால் ஊட்டி அரசுக் கல்லூரியிலேயே காட்டுயிர் உயிரியல் துறை இருக்கிறது.

கிட்டே இருப்பதெல்லாம் மலிவு என்றும் நினைக்க வேண்டாம். ஊட்டியில் உள்ள மருந்தாளுநர் கல்லூரி நல்ல பேர் பெற்றது. ஆனால் அது ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. அரசுக் கட்டணத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பாலிடெக்னிக் வழியையும் ஒதுக்க வேண்டாம். ஊட்டியில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. அறிவியல், கணிதம் படித்து பிளஸ் டூ முடித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், பிறகு பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். கையில் காசில்லாத வீட்டுக்கு இது நம்பகமான பாதை.

கூடலூர், பந்தலூர் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊட்டி அவர்களுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். கூடலூரிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது, அதுதான் முதல் இடத்தில் இருக்க வேண்டும். அரசுக் கல்லூரி கவுன்சிலிங் அந்தந்தக் கல்லூரியில் நேரில் நடக்கும், நாட்களும் ஒன்றையொன்று ஒட்டி வரும். கூடலூர்ப் பையன் கூடலூர், ஊட்டி, கோயம்புத்தூர் மூன்றையும் எழுதினால், ஒரே நாளில் இரண்டு ஊரில் நிற்க வேண்டிய நிலை வரலாம். அதனால் விண்ணப்பக் கட்டணம் குறைவு என்பதற்காகப் பட்டியலை நீட்ட வேண்டாம். போய் நிற்க முடிகிற மூன்று கல்லூரி போதும்.

அங்கே அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் லைன் வீடுகளில் இருக்கும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கும், பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடியிருப்புகளுக்கும் கல்லூரியை விடச் சான்றிதழ்தான் பெரிய சிக்கல். சாதிச் சான்று இல்லையென்றால் 2 ரூபாய் விண்ணப்பமும் இல்லை, உதவித்தொகையும் இல்லை, விடுதியும் இல்லை. போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமான வரம்பு 2,50,000 ரூபாய், அதற்கு வருமானச் சான்றும் வேண்டும். பிளஸ் டூ தேர்வு எழுதும் மார்ச் மாதத்துக்கு முன்பே இ-சேவை மையத்தில் மனு போட்டுவிட வேண்டும். மே மாதக் கூட்டத்தில் போய் நின்றால் கடைசித் தேதி கடந்துவிடும்.

கோத்தகிரி மாணவிக்கு என் பட்டியல் இதுதான். ஊட்டி, மேட்டுப்பாளையம், புலியகுளம் ஆகிய மூன்று அரசுக் கல்லூரிகளுக்கும் பொது விண்ணப்பம். குன்னூர் பிராவிடன்ஸில் உதவி பெறும் பிரிவுக்குத் தனி விண்ணப்பம். புலியகுளத்தை எழுதும்போதே கோயம்புத்தூரில் நலத்துறை விடுதிக்கும் மனு. தனியார் கல்லூரி ஒன்றுக்கும் அரசுக் கவுன்சிலிங் முடியும்வரை பணம் கட்ட வேண்டாம். நான்கும் கைவிட்டுப் போனாலும் அரசுக் கல்லூரிகளில் காலியிடங்களுக்கு அடுத்த சுற்றுக் கவுன்சிலிங் நடக்கும். அந்த அறிவிப்பைக் கல்லூரித் தகவல் பலகையில் வாரம் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.