எபிரெயச் சொல்லும் எண்ணும்: தீர்க்கதரிசனங்களை நெடுநாள் படித்த அனுபவம்

பல வருடங்களாகத் தீர்க்கதரிசனப் புத்தகங்களை ஒரே முறையில் படித்து வருகிறேன். ஒரு பக்கம் தமிழ் வேதாகமம், இன்னொரு பக்கம் எபிரெய மூலம். முக்கியமான சொல் வந்தால் அதன் ஸ்ட்ராங்ஸ் எண்ணை, அதாவது சொல்லடைவு ஒன்றில் ஒவ்வோர் எபிரெயச் சொல்லுக்கும் கொடுத்திருக்கும் எண்ணைப் பிடித்து அதன் பொருளைப் பார்ப்பேன். ஏழு, நாற்பது, எழுபது என்று எண் வந்தால் அது வேறு எங்கெல்லாம் வருகிறது என்று தேடுவேன். இந்த வழியில் படிக்க விரும்புகிறவர்களுக்கு எது உண்மையிலேயே பலன் தருகிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீர்க்கதரிசி தானே சுட்டிக்காட்டுகிற சொல்லையும் எண்ணையும் பிடித்துக்கொண்டு போனால் அள்ள அள்ளக் கிடைக்கிறது. நாமாக எழுத்துகளைக் கூட்டிக் கழித்து வருவிக்கும் எண்களில் எனக்கு ஒன்றும் நிலைக்கவில்லை.

முதலில் கருவிகள். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-ல் வெளியிட்ட சொல்லடைவில் எபிரெய, அரமாயிக்கச் சொற்களுக்கு 1 முதல் 8674 வரை எண் கொடுத்திருக்கிறார். எபிரெயம் தெரியாதவரும் ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் அதன் அகராதிப் பகுதியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் வரும் நீளமான பட்டியல் அந்தச் சொல்லின் பொருள்கள் அல்ல. கிங் ஜேம்ஸ் ஆங்கில வேதாகமம் அந்தச் சொல்லை எப்படியெல்லாம் மொழிபெயர்த்திருக்கிறது என்ற கணக்கு. அதிலிருந்து நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு 'எபிரெயத்தில் இதன் உண்மையான அர்த்தம் இதுதான்' என்று பிரசங்கம் செய்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். அது சொல் ஆராய்ச்சியே அல்ல. பொருள் வேண்டுமென்றால் 1906-ல் முழுமையாக வந்த பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் அகராதிக்குப் போக வேண்டும். அது வேர்ச்சொல் வாரியாகவும் வினை வடிவம் வாரியாகவும் பிரித்து, எந்தப் பொருள் எந்த வசனத்தில் என்று காட்டுகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்டெப் பைபிள் என்ற தளமும் அன்றாடப் படிப்புக்கு மிக நன்றாக இருக்கிறது. சொல்லைத் தொட்டால் அதன் பொருளோடு இலக்கண வடிவமும் வந்துவிடும்.

அந்த இலக்கண வடிவம் ஏன் முக்கியம்? எரேமியா புத்தகம் முழுக்க வரும் ஒரு வினைச்சொல் 'ஷூவ்', எண் 7725. ஸ்ட்ராங்ஸ் எண் மட்டும் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே சொல்தான். ஆனால் எரேமியா 31:18-ல் அது அடுத்தடுத்து இரண்டு வடிவத்தில் வருகிறது: 'ஹஷிவேனி வெஆஷூவா'. என்னைத் திருப்பும், நான் திரும்புவேன். தமிழ் பேசுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திரும்பு, திருப்பு; தன்வினை, பிறவினை. நாம் தினமும் செய்கிற வேறுபாடுதான் அது. மனந்திரும்புவது மனிதனுடைய செயல், திருப்பிவிடுவது தேவனுடைய செயல் என்று எப்பிராயீமின், அதாவது வடக்கு இஸ்ரவேலின் அந்த அழுகை ஒரே வேரை வைத்துக்கொண்டு சொல்கிறது. எண்ணை மட்டும் பார்த்துக் கடந்து போனால் இது கைக்கு வராது.

தீர்க்கதரிசிகள் சொல்லை எப்படி ஆண்டார்கள் என்று பார்க்க எரேமியா முதல் அதிகாரம் போதும். 'என்ன காண்கிறாய்?' என்று கேட்கிறார் கர்த்தர். வாதுமைமரக் கிளை என்கிறான் எரேமியா. வாதுமைக்கு எபிரெயம் 'ஷாகேத்'. உடனே கர்த்தர், என் வார்த்தையை நிறைவேற்ற நான் 'ஷோகேத்', விழித்துக் காத்திருக்கிறேன் என்கிறார். தமிழில் 'தீவிரமாய் நிறைவேற்றுவேன்' என்று படிக்கும்போது கிளைக்கும் பதிலுக்கும் என்ன தொடர்பு என்றே தெரியாது. ஆமோஸ் 8-ம் அதே மாதிரிதான். கூடையில் கோடைப் பழம், 'காயித்ஸ்'. இஸ்ரவேலுக்கு முடிவு, 'கேத்ஸ்'. தரிசனமும் தீர்ப்பும் ஒரே ஒலியில் நிற்கின்றன. இதைக் கேட்ட முதல் ஆட்களுக்கு எப்படித் தூக்கிவாரிப் போட்டிருக்கும்!

அப்புறம் எண்கள். ஏழிலிருந்து தொடங்குவதுதான் சரி. ஏழு என்பது 'ஷேவா', எண் 7651. அதற்கு முந்தின எண் 7650, 'ஷாவா', ஆணையிடுதல். 7620 வாரம், 7621 ஆணை. ஸ்ட்ராங் அகர வரிசையில் எண் போட்டதால் இவை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. எழுத்து ஒன்றுபோல இருப்பதால் மட்டும் பொருளும் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. வேரை வைத்துப் பொருளை ஊகிப்பது எவ்வளவு ஆபத்து என்று வேதாகம ஆய்வாளர் ஜேம்ஸ் பார் 1961-லேயே விரிவாக எச்சரித்திருக்கிறார். ஆனால் இங்கே வேதமே தொடர்பைக் காட்டுகிறது. ஆதியாகமம் 21-ல் ஆபிரகாம் ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைத் தனியே நிறுத்துகிறார். அபிமெலேக்கும் அவரும் ஆணையிடுகிறார்கள். அந்த இடத்துக்குப் பெயெர்செபா என்று பெயர். ஏழின் கிணறு என்றும் சொல்லலாம், ஆணையின் கிணறு என்றும் சொல்லலாம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு தானியேல் 9-க்குப் போங்கள். எனக்கு இந்தப் படிப்பில் அதிகம் கிடைத்த அதிகாரம் இதுதான். தானியேல் எரேமியாவின் சுருளைப் படித்து, எழுபது வருஷம் என்பதைக் கவனிக்கிறான். எரேமியா 25-லும் 29-லும் இருக்கும் எண் அது. பதிலாக வருவது 'ஷாவுயீம் ஷிவயீம்', எழுபது வாரங்கள். உயிர்க்குறி இல்லாமல் எழுதினால் இரண்டு சொல்லும் ஒரே எழுத்துகள்தான், வாசிப்பில்தான் வேறுபடும். 'ஷாவூவா' என்பது ஏழு கொண்ட ஒரு தொகுதி. அது நாள்களின் ஏழா, வருடங்களின் ஏழா? அடுத்த அதிகாரத்தில் தானியேல் மூன்று வாரம் துக்கித்ததைச் சொல்லும்போது மட்டும் மூலத்தில் 'நாள்கள்' என்ற சொல் கூடவே நிற்கிறது. ஆக, 9-ல் அது இல்லாதது கவனிக்கத்தக்கது.

எரேமியாவின் எழுபது வருஷம் இங்கே எழுபது ஏழுகளாகிறது. ஏன் ஏழு மடங்கு? விடை லேவியராகமம் 26-ல் இருக்கிறது. மனந்திரும்பாவிட்டால் பாவங்களினிமித்தம் ஏழத்தனையாய்த் தண்டிப்பேன் என்று அங்கே திரும்பத் திரும்ப வருகிறது. தேசம் தன் ஓய்வுகளை அனுபவிக்கும் என்றும் வருகிறது. 2 நாளாகமம் 36:21 அந்த ஓய்வையும் எரேமியாவின் எழுபது வருஷத்தையும் ஒரே வசனத்தில் முடிச்சுப் போடுகிறது. எழுபது ஏழு மடங்காகி 490 ஆவது யாரோ கணக்குப் போட்டு வருவித்தது அல்ல, நியாயப்பிரமாணத்திலேயே ஊன்றி நிற்கிறது. இந்த இடத்தில் சொல்லும் எண்ணும் உடன்படிக்கையும் ஒன்றாகக் கோத்து நிற்பதைப் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன். எழுபது வாரங்களைச் சொல்லும் தானியேல் 9:24-ல் 'நெக்தாக்' என்ற வினை (எண் 2852) எபிரெய வேதாகமத்தில் அந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. குறிக்கப்பட்டது, வெட்டித் தீர்மானிக்கப்பட்டது என்று பிற்கால எபிரெயத்தை வைத்துத்தான் சொல்கிறோம். அதன்மேல் பெரிய கோட்பாடு கட்டுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நாற்பதைப் பற்றிச் சுருக்கமாக. 'இன்னும் நாற்பது நாள் உண்டு, அப்பொழுது நினிவே கவிழ்க்கப்பட்டுப்போம்' என்கிறான் யோனா. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்டுவஜிந்தில் அது மூன்று நாள். எண்ணில் அடையாளம் தேடுகிறவர்கள் இப்படிப்பட்ட பாட வேறுபாடுகளையும் பார்க்க வேண்டும். அங்கே வரும் வினை 'ஹாஃபாக்'. சோதோம் அழிந்ததற்கும் அதே வினைதான். ஆனால் ஒன்று தலைகீழாக மாறுவதற்கும் அதே வினை. நினிவே அழியவில்லை, மாறியது. யோனாவின் வாய்ச்சொல் அவன் நினைத்திராத விதத்தில் நிறைவேறியது.

எழுத்தைக் கூட்டி எண் எடுக்கும் கெமாத்ரியா விஷயத்துக்கு வருவோம். எபிரெய வேதாகமத்தில் எண்கள் சொற்களாகவே எழுதப்பட்டிருக்கின்றன. எழுத்தை எண்ணாகப் பயன்படுத்தியதற்குச் சான்று பிற்காலத்தில், யூதேயாவை ஆண்ட ஹஸ்மோனிய அரசர்களின் நாணயங்களை ஒட்டித்தான் கிடைக்கிறது. எனவே ஏசாயாவின் வசனங்களில் எழுத்துக் கூட்டல் செய்வதை நான் கைவிட்டுவிட்டேன். வெளிப்படுத்தின விசேஷம் 13:18 வேறு விஷயம். மிருகத்தின் எண் 666 என்று சொல்லும் அங்கே 'கணக்குப் பார்க்கக்கடவன்' என்று வசனமே அழைக்கிறது. ரோமப் பேரரசன் நீரோ சீசரின் பெயரை எபிரெய எழுத்தில் 'நேரோன் கேசர்' என்று எழுதினால் 50, 200, 6, 50, 100, 60, 200, மொத்தம் 666. 'நேரோன்' என்பதன் கடைசி எழுத்தான நூனை (50) விட்டால் 616. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றே இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டின் சபைப் பிதா இரேனியு இந்த வேறுபாட்டை அறிந்திருந்தார். சில பெயர்களை எடுத்துப் பார்த்துவிட்டு, உறுதியாகச் சொல்ல மறுத்துவிட்டார். எழுத்து விளையாட்டு தீர்க்கதரிசிகளிடம் இல்லாமலும் இல்லை. எரேமியா 25:26-ன் 'சேசாக்கு' என்பது முதல் எழுத்துக்குக் கடைசி எழுத்து, இரண்டாம் எழுத்துக்குக் கடைசிக்கு முந்தின எழுத்து என்று மாற்றி வைக்கும் அத்பாஷ் முறையில் எழுதிய பாபேல்தான். 51:41 இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

வருடம் கணிக்கும் ஆசை வந்தால் தானியேல் 8:14-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். தமிழில் 2300 இராப்பகல்; மூலத்தில் 'மாலை காலை'. அன்றாடப் பலி மாலையும் காலையும் செலுத்தப்பட்டதால் 1150 நாள் என்று கொள்பவர்களும் உண்டு. அமெரிக்கப் பிரசங்கியார் வில்லியம் மில்லர் அதை 2300 வருடமாக எடுத்து, கி.மு. 457-ல் தொடங்கினார். அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று கர்த்தர் வருவார் என்று காத்திருந்து நொறுங்கிப்போனார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் எபிரெய எழுத்துகளைக் கற்றுக்கொள்ளுங்கள், 22 எழுத்துதான். எரேமியா 1, ஆமோஸ் 8, யோனா 3 என்று சின்னப் பகுதிகளாகப் போய்விட்டு, தானியேலுக்குப் பிறகு வாருங்கள். நான் இப்போது மீகா முதல் அதிகாரத்தில் இருக்கிறேன். ஊர் ஊராக வரும் தீர்ப்பில் ஒவ்வோர் ஊரின் பெயரும் அதன் தண்டனையோடு ஒலி சேர்கிறது: பெத் அப்ராவுக்கு 'ஆஃபார்', புழுதி, லாகீசுக்கு 'ரேகேஷ்', தேர்க்குதிரை, அக்சீபுக்கு 'அக்சாவ்', வஞ்சனை. ஒரு பக்கத்தைத் தாண்டவே நாளாகிறது.