ரூட் அதிகாரத்தில் திருத்த எந்த எடிட்டர்? நானோ, விம், சூடோஎடிட், விசூடோ

லினக்ஸில், பூட் ஆகும்போது எந்த டிஸ்க்குகளை இணைப்பது என்று சொல்லும் /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு யூயூஐடி (டிஸ்க்கின் அடையாள எண்) பிசகினால் போதும். அடுத்த முறை பூட் ஆகும்போது சிஸ்டம்டி (கணினியைத் துவக்கி சர்வீஸ்களை நிர்வகிக்கும் நிரல்) அந்த டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு, அவசரகால ஷெல்லில் நிறுத்திவிடும். சூடோ (ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகியாகக் கட்டளை இயக்க உதவுவது) யாருக்கு அனுமதி என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பில் பிழை விட்டால், பழைய பதிப்புகளில் சூடோ மொத்தமாகவே முடங்கும்; பிழையைத் திருத்தவும் அதே சூடோதான் வேண்டும். புதிய பதிப்புகள் பிழையான வரியை மட்டும் தாண்டிப் படிக்கின்றன. உங்களுக்கு அனுமதி தந்ததே அந்த வரி என்றால் நிலைமை பழையபடிதான்.

டெர்மினல் எடிட்டர்களில் நானோவா விம்மா என்ற சண்டை விசைகளைப் பற்றியது. விசைகள் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். எடிட்டர் யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறது, கோப்பைத் திரும்ப எப்படி எழுதுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சூடோ நானோ, சூடோ விம், சூடோஎடிட்

சூடோ போட்டு விம்மைத் திறந்தால் எடிட்டர் முழுவதுமே ரூட்டாக ஓடும். முக்காற்புள்ளியும் ஆச்சரியக்குறியும் தட்டி ஒரு ஷெல்லின் பெயரைக் கொடுத்தால் அங்கிருந்தே ரூட் ஷெல் கிடைத்துவிடும். ஹோம் மாறி (பயனரின் சொந்த அடைவைக் காட்டும் சூழல் மாறி) உங்களுடையதாகவே இருக்கும்படி அமைந்த கணினியில் உங்கள் பிளகின்களும் ரூட்டாக ஓடும். அதோடு விம் தன் வரலாற்றைச் சேமிக்கும் விம்இன்ஃபோ கோப்பு முன்பே இல்லாவிட்டால் ரூட்டின் பெயரில் உருவாகி, பிறகு உங்கள் சொந்தக் கணக்கில் விம் முணுமுணுக்கும். நானோவும் உள்ளிருந்து கட்டளை இயக்கக்கூடியதுதான். ஆகவே "இந்த ஒரு கோப்பை மட்டும் விம்மில் திருத்தலாம்" என்று ஒருவருக்கு சூடோ அனுமதி தருவது, முழு ரூட்டையும் தருவதற்குச் சமம்.

சூடோஎடிட் வேறு வழியில் போகிறது. கோப்பின் நகலை /வார்/டிஎம்பி போன்ற தற்காலிக இடத்தில் உங்கள் பெயரில் வைத்து, உங்கள் எடிட்டரை உங்கள் அதிகாரத்திலேயே திறக்கும். மூடியதும், மாற்றம் இருந்தால் மட்டும் உள்ளடக்கத்தை மூலக் கோப்பில் எழுதும்; உரிமையாளரும் அனுமதிகளும் அப்படியே இருக்கும். எழுத முடியாமல் போனால் எச்சரித்துவிட்டு, திருத்திய நகலைத் தற்காலிக இடத்திலேயே விட்டுவைக்கும். எந்த எடிட்டர் என்பதை சூடோ_எடிட்டர், விஷுவல், எடிட்டர் ஆகிய மாறிகளில் இதே வரிசையில் தேடும்.

பழக்கமில்லாதவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இதிலும் உண்டு. நடுவில் சேமித்தால் நகல்தான் மாறும், மூலக் கோப்பு மாறாது. இன்னொரு டெர்மினலில் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிட்டு "ஏன் எதுவும் மாறவில்லை" என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். எடிட்டரை மூடிய பிறகே மாற்றம் போய்ச் சேரும். விஎஸ் கோடு போன்றவை கட்டளையை உடனே முடித்துக்கொண்டு பின்னணிக்குப் போய்விடுவதால், வேலை முடிந்ததாக சூடோஎடிட் நினைத்துவிடும். அதற்கு --வெயிட் சேர்க்க வேண்டும். சிம்லிங்க்குகளை (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்புகளை) சூடோஎடிட் இயல்பாகவே திறக்க மறுக்கும். டிஎன்எஸ் அமைப்புக் கோப்பான ரிசால்வ்.கான்ஃப் பல கணினிகளில் சிம்லிங்க்தான். அதை நேரடியாகத் திருத்தினாலும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு மறுபடி எழுதிவிடும் என்பதால் அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. சூடோஎடிட்டுக்கு மட்டும் அனுமதி பெற்றவர் வேறு கோப்புகளையும் திருத்த வழிவிட்ட ஓட்டை ஒன்று 2023 ஜனவரியில் அடைக்கப்பட்டது. பலர் பயன்படுத்தும் சர்வரில் அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருக்கக் கூடாது.

எங்கள் தேர்வு சூடோஎடிட். உள்ளே எந்த எடிட்டர் என்பது அடுத்த கேள்விதான்.

நானோவும் விம்மும்

எப்போதாவது ஒரு வரி மாற்றுபவருக்கு நானோ போதும். விசைகள் திரையின் அடியிலேயே தெரியும். பழைய சர்வர்களில் ஒரு பொறி உண்டு. 2019-இல் வந்த 4.0 பதிப்புக்கு முன்பு, நீளமான வரியில் தட்டச்சு செய்தால் நானோ இயல்பாகவே அதை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளிவிடும். பூட்லோடரான கிரப்பின் கெர்னல் அளவுருக்கள் போன்ற நீண்ட வரி இரண்டாகப் பிளந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே -டபிள்யூ தெரிவைச் சேர்க்க வேண்டும். இன்னொன்று, நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளானின் யாமல் கோப்பு டேபை ஏற்காது. நானோவில் டேப் விசை அசல் டேபையே இடும். பெரிய எழுத்து -இ தெரிவு அதை இடைவெளிகளாக மாற்றும்.

விம் தரும் உண்மையான பாதுகாப்பு ஸ்வாப் கோப்பு. அதே கோப்பை வேறொருவர் திறந்திருந்தால் எச்சரிக்கும். இணைப்பு அறுந்தாலும் திருத்தியதை மீட்கலாம். நானோவில் இத்தகைய பூட்டு இயல்பாக அணைந்தே இருக்கும். ஆனால் சூடோஎடிட் ஒவ்வொருவருக்கும் வேறு பெயரில் நகல் தருவதால் விம்மின் எச்சரிக்கையும் அங்கே எழாது, கடைசியாக மூடியவரின் திருத்தம்தான் நிற்கும். ஒரே சர்வரில் இருவர் கைவைக்கும் இடத்தில் இந்த இழப்பைக் கணக்கில் கொள்ளுங்கள்.

விம்மின் முன்னோடியான விஐயை அடிப்படையளவுக்காவது கற்றுத்தான் ஆக வேண்டும். பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் சிறு தொகுப்பு) மட்டும் உள்ள மீட்புச் சூழலில் நானோ இருக்காது, விஐ பெரும்பாலும் இருக்கும். ரூட் பார்ட்டிஷன் படிக்க மட்டும் என்ற நிலையில் இருந்தால் முதலில் அதை எழுதும் நிலைக்கு ரீமவுண்ட் செய்யுங்கள், இல்லையெனில் சேமிக்க விடாது. குழம்பினால் எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி: எதுவும் சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம்.

கிராஃபிகல் எடிட்டர்களை ரூட்டாகத் திறக்கவே வேண்டாம். கேடிஇயின் கேட் எடிட்டருக்கு சூடோ தேவையே இல்லை. சாதாரணமாகத் திறந்து சேமிக்கும்போது அதுவே பாஸ்வேர்டு கேட்கும்.

தனிக் கருவி இருக்கும் கோப்புகள்

சூடோயர்ஸுக்கு விசூடோ, பாஸ்வேர்டு கோப்புகளுக்கு விஐபிடபிள்யூ, குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் கிரானுக்கு கிரான்டேப் -இ, சிஸ்டம்டியின் யூனிட்டுகளுக்கு (சர்வீஸ் அமைப்புக் கோப்புகளுக்கு) சிஸ்டம்சிடிஎல் எடிட். இவற்றுக்கு சூடோஎடிட்கூட இரண்டாம் பட்சம். விசூடோ கோப்பைப் பூட்டும், மூடும்போது இலக்கணம் சரிபார்க்கும். பிழை இருந்தால் என்ன செய்வது என்று கேட்கும்: இ அழுத்தினால் மறுபடி திருத்தலாம், எக்ஸ் அழுத்தினால் சேமிக்காமல் வெளியேறலாம். பெரிய எழுத்து க்யூ பிழையோடே சேமித்துவிடும், அதைத் தொடாதீர்கள். சூடோயர்ஸ்.டி அடைவில் பெயரில் புள்ளி உள்ள கோப்புகள் படிக்கப்படுவதில்லை. புது விதி வேலை செய்யவில்லை என்றால் முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள்.

சிஸ்டம்சிடிஎல் எடிட்டில் எக்ஸெக்ஸ்டார்ட்டை (சர்வீஸைக் கிளப்பும் கட்டளையை) மாற்றும்போது, முதலில் மதிப்பில்லாமல் ஒரு எக்ஸெக்ஸ்டார்ட் வரி, அடுத்து புதிய வரி. காலி வரியை விட்டுவிட்டால் பெரும்பாலான சர்வீஸ்கள் இரண்டு கட்டளைகள் இருப்பதாகச் சொல்லிக் கிளம்ப மறுக்கும்.

நகலும் சோதனையும்

திருத்தும் முன் சிபி -ஏ கொண்டு ஒரு நகல் எடுங்கள், ஆனால் அதே அடைவில் வேண்டாம். வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் சைட்ஸ்-எனேபிள்டு அடைவு பொதுவாக உள்ளே இருக்கும் எல்லாக் கோப்பையும் சேர்த்துக்கொள்ளும்படி அமைந்திருக்கும். நானோவின் பெரிய எழுத்து -பி தெரிவும் இமேக்ஸும் அலைக்குறியோடு விட்டுச்செல்லும் பழைய பிரதியையும் அது படித்துவிட்டு, அமைப்பு இரண்டு முறை வருகிறது என்று முரண்டுபிடிக்கும்.

எந்த எடிட்டருக்கும் கோப்பின் பொருள் தெரியாது. சரிபார்க்க எஃப்எஸ்டேபுக்கு ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை, என்ஜின்எக்ஸுக்கு -டி, நெட்பிளானுக்கு டிரை: 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச்டிக்கு -டி போட்ட பிறகும் இருக்கும் இணைப்பை மூடாமல், புதிய டெர்மினலில் உள்நுழைந்து பாருங்கள். பெரும்பாலான அமைப்புகளில் எஸ்எஸ்எச்டி முதலில் கண்ட மதிப்பையே எடுத்துக்கொள்ளும். மேலே சேர்க்கப்பட்ட துணைக் கோப்பு ஒன்றில் அதே அமைப்பு இருந்தால் கீழே நீங்கள் எழுதிய வரிக்கு வேலையே இல்லை. பெரிய எழுத்து -டி தெரிவோடு எஸ்எஸ்எச்டியை இயக்கினால் நடைமுறையில் உள்ள மதிப்பு என்ன என்று தெரியும்.