ஓசியாவை வைத்து 30 நாள் குடும்ப ஜெபம்: புத்தகம் எப்படி?

ராத்திரி குடும்ப ஜெபத்தில் சங்கீதத்தையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தோம். ஒரு மாற்றம் வேண்டும் என்றுதான், பைபிளில் ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகத்திலுள்ள 14 அதிகாரங்களை 30 நாளாகப் பிரித்துத் தரும் இந்தத் தியானப் புத்தகத்தை வாங்கினேன். முடித்தாயிற்று. நடுவில் நாலு நாள் விட்டுப்போனது எங்கள் சோம்பேறித்தனம், அதைப் புத்தகத்தின் தலையில் கட்ட மாட்டேன்.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான், பத்து நிமிஷத்தில் முடிகிறது. இரண்டாம் யெரொபெயாம் காலத்தில் செழிப்பாக இருந்த இஸ்ரவேலின் வடராஜ்யம், கி.மு. 722 வாக்கில் சமாரியா அசீரியரிடம் விழுந்ததோடு முடிந்துபோன கதையை அரைப் பக்கத்தில் புரியும்படி சொல்லிவிடுகிறார்கள். "எப்பிராயீம் திருப்பிப்போடாத அப்பம்" என்ற 7:8 வரும் நாளும் அருமை (எப்பிராயீம் என்பது அந்த வடராஜ்யம்தான்). ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் மாவாகவே இருக்கிற ஜனம் என்று சொன்னதும் சின்னவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, ரெண்டு நாள் அக்காவை அப்படித்தான் கூப்பிட்டான்.

சரி, சொதப்பல் எங்கே என்றால் முதல் அதிகாரத்திலேயே. ஓசியாவின் மனைவி கோமேரின் பிள்ளைகளுக்கு லோருகாமா (இரக்கம் பெறாதவள்), லோகம்மீ (என் ஜனமல்ல) என்று பேர் வைக்கிற இடம். "பாப்பாவுக்கு எதுக்குப்பா அந்தப் பேரு, அது என்ன தப்பு பண்ணுச்சு?" என்று மகள் கேட்டாள். எந்தப் பிள்ளையும் கேட்கிற கேள்வி, ஆனால் அன்றைய பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நானே 2:1-க்குப் புரட்டி, இல்லை என்று அர்த்தம் தரும் அந்த 'லோ' மட்டும் போய் அம்மீ, ருகாமா என்று ஆகிவிடுவதைக் காட்டினேன். அவள் பென்சிலை எடுத்து ரெண்டு பேரிலும் 'லோ'வை அடித்துவிட்டாள். மொத்த ஓசியாவும் அந்த அடித்தலில்தான் இருக்கிறது, புதிய ஏற்பாட்டில் பவுலும் பேதுருவும்கூட இந்த இடத்தைத்தான் எடுத்துப் பேசுகிறார்கள், புத்தகம் என்னடா என்றால் இதை எங்கேயோ ஏழாம் நாளில் ஒரு வரியில் தாண்டிப் போகிறது.

எனக்குப் பெரிய எரிச்சல் கேள்விகள்தான். "இன்று அம்மா அப்பாவுக்கு எதில் கீழ்ப்படியவில்லை?" என்று ஏழெட்டு நாள், வார்த்தையை மாற்றி மாற்றி. நாலாம், ஐந்தாம் அதிகாரங்களில் கூண்டில் நிற்பது ஆசாரியர்களும் ராஜாவின் வீட்டாரும். கலகம் பண்ணியது பெரியவர்கள், பதில் சொல்ல வேண்டியது மட்டும் பிள்ளைகளா? பன்னிரண்டாம் நாளிலிருந்து நானும் மனைவியும் முதலில் பதில் சொல்வது என்று மாற்றிக்கொண்டோம். சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளைகள் அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார்கள்.

ஆறாம் அதிகாரத்திலும் அவசரப்பட்டிருக்கிறார்கள். "கர்த்தரிடத்தில் திரும்புவோம் வாருங்கள்" என்பதை மாதிரி மனந்திரும்புதலாகக் காட்டி மூன்றாம் வசனத்தோடு நிறுத்திவிட்டார்கள். அடுத்த வசனத்திலேயே ஆண்டவர் உங்கள் பக்தி காலை மேகம் மாதிரி ஒழிந்துபோகிறதே என்கிறார். அதை விட்டுவிட்டால் பின்னால் வரும் இரக்கம் எவ்வளவு பெரியது என்று எப்படித் தெரியும்?

11-ம் அதிகாரத்துக்கு மட்டும் ரெண்டு நாள் கொடுத்திருக்கிறார்கள். கைபிடித்து நடக்கப் பழக்கின பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறது, தண்டனையும் சொல்லியாகிவிட்டது, அப்புறமும் "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?" என்கிற குரல். விளக்கம் மூன்றே வரி, அதோடு விட்டுவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் ஜெபம் பத்து நிமிஷத்தில் முடியவில்லை.

எழுத்து நல்ல பெரிய அளவு, வயதானவர்களும் கண்ணாடி தேடாமல் வாசிக்கலாம். எட்டு வயதுக்குக் கீழே என்றால் கோமேர் பகுதியை நீங்களே முன்கூட்டி ஒருமுறை வாசித்துவிடுங்கள். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அடுத்து இதே வரிசையில் எரேமியா வருகிறது என்று பின்னட்டையில் போட்டிருக்கிறது, கேள்விகளைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.