டூகஸ் தளம்: மழை வருமா என்று 1937-இல் கேட்டுப் பார்க்கலாம்

அயர்லாந்தின் கால்வேயில், சால்ட்ஹில் கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறேன். விரிகுடாவுக்கு அக்கரையில் கிளேர் மலை தெரிந்தால் மழை வரப்போகிறது, தெரியாவிட்டால் மழை பெய்துகொண்டிருக்கிறது என்பது இங்கே எல்லோரும் அடிக்கிற ஜோக். இதெல்லாம் வெறும் ஜோக்தானா என்று தேடப்போய் டூகஸ் இணையதளத்தில் மாட்டிக்கொண்டேன். படிக்கக் காசு எதுவும் கேட்பதில்லை.

டப்ளின் யுசிடி பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பின் பகுதிகளை இதில் ஏற்றியிருக்கிறார்கள். அதில் பள்ளித் தொகுப்பு என்பது 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 பள்ளிகளில் ஏறக்குறைய 50,000 பிள்ளைகள், வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இருந்த பெரியவர்களைக் கேட்டு நோட்டில் எழுதியது. கொடுத்த தலைப்புகளில் வானிலைக் குறிகளும் ஒன்று.

மை பேனாவில் வரி பிசகாத கையெழுத்து. பல பக்கங்களில் சொன்னவர் பெயர், ஊர், சிலவற்றில் வயதுகூட இருக்கிறது. தகைவிலான் தாழப் பறந்தால் மழை. புகைபோக்கியிலிருந்து கரி உதிர்ந்தால் மழை. பூனை கணப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால், நாய் புல் தின்றால், கடற்காகம் ஊருக்குள் வந்தால், எட்ட இருக்கிற மலை கிட்டத்தில் தெரிந்தால்... எல்லாவற்றுக்கும் மழைதான். வெயிலுக்கான குறிகள் கம்மி. அயர்லாந்து அல்லவா!

எனக்குப் பிடித்தது வரிப்பசு கதை. மார்ச் கழிந்ததும் ஒரு கிழப்பசு, "இனி உன்னால் என்னை என்ன பண்ண முடியும்?" என்று அந்த மாதத்தைக் கேலி பண்ணியதாம். மார்ச்சுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஏப்ரலிடம் சில நாள் கடன் வாங்கி, குளிரும் காற்றுமாக அடித்துப் பசுவைக் கொன்று தோலையும் உரித்துவிட்டது. கடன் மூன்று நாளா, ஒன்பது நாளா என்பது ஊருக்கு ஊர் மாறும். ஏப்ரல் தொடக்கத்தில் குளிர் திரும்பினால் பழைய ஆட்கள் இன்னும் அந்தப் பசுவை இழுப்பார்கள்.

நம்பலாமா? சில மணி நேரத்துக்கான குறிகளில் விஷயம் இருக்கிறது. பூச்சிகள் கீழே இறங்கினால் தகைவிலானும் பின்னாலேயே இறங்கும். நீண்ட நாள் ஆரூடம்தான் சொதப்பல். ஜூலை 15, புனித ஸ்விதின் நாளில் பெய்தால் 40 நாள் விடாது பெய்யும் என்பதை வானிலைப் பதிவுகள் ஆதரிக்கவில்லை. பிப்ரவரி 1, புனித பிரிஜித் நாளுக்குப் பின் ஒருநாள் விட்டு ஒருநாள் வெயிலாம். பிப்ரவரியில் கால்வேக்கு வந்து பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு நுழையுங்கள். திட்டம் நடந்தது 26 மாவட்டங்களில் மட்டும். வட அயர்லாந்தின் ஆறு மாவட்டங்கள் இதில் கிடையாது. கையெழுத்தைத் தட்டச்சு செய்து தருவது தன்னார்வலர்கள். ஆர்வமிருந்தால் நீங்களும் சேரலாம். ஐரிஷ் மொழிப் பக்கங்களும் நிறைய. மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துத் தேடுவது நல்லது, ஏனென்றால் மழைக்கு எந்த மலையைப் பார்ப்பது என்பது ஒவ்வொரு ஊருக்கும் வேறு.

ஐந்துக்கு நாலரை. துணி காயப்போட மட்டும் அயர்லாந்து வானிலை மையமான மெட் ஏரனின் ரேடாரைப் பார்த்துக்கொள்கிறேன்.