ஐந்து ஆண்டுகள், 1,150 மணி நேரம்: லிம் சூ காங் பண்ணையில் ஓர் ஏடிவி

சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் ஏறத்தாழ இரண்டு ஹெக்டேர் பரப்புள்ள காய்கறிப் பண்ணை ஒன்றில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. முன்புறம் மண் தள்ளும் பிளேடு பொருத்திய ஏடிவி ஒன்றை, அதாவது மோட்டார்சைக்கிள் போலக் கைப்பிடி பிடித்து ஓட்டும், கரடுமுரடான நிலத்துக்கான நான்கு சக்கர வண்டியை, 2020-ஆம் ஆண்டின் இறுதியில் வாங்கினோம். அதன் மணிநேர மானி இப்போது 1,150-ஐத் தாண்டிவிட்டது. இத்தகைய வண்டி வாங்க எண்ணும் பண்ணைக்காரர்களும், ஜொகூரில் தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி விவரம் கேட்பதால், எங்கள் அனுபவத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்களுக்கு வண்டி தேவைப்பட்டது பாதைகளுக்காக. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களின் வடகிழக்குப் பருவக்காற்றில் எங்கள் களிமண் பாதை குழைந்துவிடும். அந்த நேரத்தில் லாரி ஒருமுறை வந்து போனால் போதும், சக்கரத் தடம் முழங்கை ஆழத்துக்கு இறங்கி, அதில் நீர் தேங்கும். தேங்கிய நீரில் கொசு முட்டையிட்டு, ஒரு வாரத்தில் பறக்கும் நிலைக்கு வந்துவிடும் என்பதால், தடங்களை உடனுக்குடன் மூடுவது எங்களுக்குக் கட்டாயம். முன்பெல்லாம் மூன்று ஊழியர்கள் மண்வெட்டியோடு இரண்டு நாள் பாடுபட்டு அதைச் செய்தார்கள். கீரை பறிக்கும் பருவத்தில் மூன்று பேரை அப்படி விட்டுக்கொடுப்பது எவ்வளவு கடினம் என்பது பண்ணை நடத்துவோருக்குத் தெரியும்.

சிறு டிராக்டர், இருவர் அருகருகே அமரும் யுடிவி, ஏடிவி ஆகிய மூன்றையும் யோசித்தோம். மீன் குளத்துக்கும் பாத்திகளுக்கும் இடையிலுள்ள கரை 1.4 மீட்டர் அகலமே உடையது என்பதால் முதல் இரண்டும் கழிந்துபோயின. எங்கள் ஏடிவியின் அகலம் சுமார் 1.2 மீட்டர். முந்நூறு கிலோவுக்கு மேல் எடை இருந்தாலும், அதன் அகன்ற டயர்களில் ஐந்து பிஎஸ்ஐ அளவுக்கே காற்று அடைப்பதால் எடை பரவி இறங்குகிறது. பாதையைச் சீர்செய்ய வந்த வண்டியே புதிய பள்ளம் போடுவதில்லை.

எந்த ஏடிவி என்ற கேள்விக்கு நாங்கள் முதலில் தேடிய பதில் தவறானது. இயந்திரத்தின் கொள்ளளவையும் இழுக்கும் எடையையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிட்டோம். யமஹா கிரிஸ்லி 700-இன் இயந்திரம் 686 சிசி; போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570-இன் இயந்திரம் 567 சிசி, 44 குதிரைத்திறன்; ஹோண்டா ரூபிகான் 520-இன் இயந்திரம் 518 சிசி. தாளில் பார்த்தால் கிரிஸ்லிதான் முன்னால் நிற்கும். ஆனால் கிரிஸ்லிக்கும் 2020-ஆம் ஆண்டு ரூபிகானுக்கும் இழுவை வரம்பு ஒன்றேதான்: 600 கிலோ. மேலும், பிளேடு வேலையில் வண்டி நடக்கும் வேகத்தில்தான் போகிறது. எங்கள் சராசரி மணிக்கு ஐந்து கிலோமீட்டர்கூட இராது. அந்த வேகத்தில் நாள் முழுவதும் சுமையோடு ஊர்ந்து போகும்போது வருத்தப்படுவது இயந்திரம் அன்று. அதன் திறனைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும் பகுதி. இது எனக்குத் தெளிவாகப் புரியவே இரண்டு வாரம் ஆனது.

கிரிஸ்லியும் ஸ்போர்ட்ஸ்மேனும் பெல்ட் மூலம் இயங்கும் சிவிடி எனும், படிகள் இல்லாத தானியங்கி கியர் வகையைச் சேர்ந்தவை. விரியவும் குறுகவும் கூடிய இரண்டு கப்பிகளுக்கு இடையே ரப்பர் பெல்ட் ஓடுகிறது. ஓட்டம் மிக மென்மையாக இருக்கும். காட்டுப் பாதையில் நீண்ட தூரம் போகிறவருக்கு அதைவிடச் சுகமானது இல்லை. ஆனால் கனமான சுமையை மெதுவாகத் தள்ளும்போது, லோ கியரில் போடாமல் ஹையிலேயே வைத்து ஓட்டினால், பெல்ட் கப்பியில் வழுக்கிச் சூடேறும். பக்கத்துப் பண்ணையில் அப்படித்தான் ஒரு பெல்ட் கருகியது. அது வண்டியின் குற்றமே இல்லை, ஓட்டியவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. யமஹாவின் அமைப்பு பெல்ட்டின் இறுக்கத்தை எப்போதும் தளராமல் வைத்திருக்கும்படி செய்யப்பட்டிருப்பதால் தேய்மானம் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் எங்கள் பண்ணையில் ஒரே வண்டியை நான்கு பேர் ஓட்டுகிறார்கள். அவர்களில் ஒருவராவது லோ போட மறப்பார் என்று எண்ணினேன். ரூபிகானின் தானியங்கி வகையில் பெல்ட் இல்லை. எண்ணெயில் இயங்கும் இரண்டு கிளட்சுகளும் உண்மையான பற்சக்கரங்களும் உள்ளன. அதோடு தனி லோ ரேஞ்சும், முன் சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகவே சுழலும்படி முன் டிஃபரென்ஷியலைப் பூட்டும் வசதியும் இருக்கின்றன. அதனால் அதையே தேர்ந்தெடுத்தோம்.

இதிலும் பழகிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தானாகக் கியர் மாறும் நிலையில் விட்டால், மண் குவியலில் சுமை ஏறி இறங்கும்போது முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் இடையே வண்டி தயங்கும். இடது கைப்பிடியில் உள்ள பொத்தான்களால் முதல் கியரிலேயே நிறுத்திக்கொண்டால் அந்தத் தயக்கம் அறவே இல்லை. இதை முதல் நாளே எல்லா ஓட்டுநர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

இனி பிளேடு. சந்தையில் ஏடிவிக்குக் கிடைக்கும் பிளேடுகளில் பெரும்பாலானவை பனி தள்ளுவதற்காக, கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் குளிர்காலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரைதான் இருக்கும். எங்கள் ஈரக் களிமண் 1,800 கிலோவை நெருங்கும். குறைந்தது பதினெட்டு மடங்கு. இந்த ஒரு கணக்கை மறந்ததால்தான் எங்களுக்குத் தொல்லைகள் வந்தன.

பிளேடு கல்லிலோ வேரிலோ மோதினால் முன்பக்கம் மடங்கிக் கொடுக்கும்படி பின்னால் சுருள்வில்கள் இருக்கும். களிமண்ணின் எடைக்கே எங்கள் பிளேடு அடிக்கடி மடங்கியதால், சலித்துப்போய் ஒரு போல்ட்டைச் செருகி மடங்காதபடி கட்டிவிட்டேன். மூன்றாம் நாள், பாதையோரத்து ஆங்சானா மரத்தின் புதைந்த வேரில் பிளேடு மோதி வண்டி அப்படியே நின்றது. ஓட்டிக்கொண்டிருந்த ஊழியரின் நெஞ்சு கைப்பிடியில் இடித்தது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஒரு வாரம் அவரால் சுமை தூக்க முடியவில்லை. அந்த முடிவு என்னுடையது. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது. அன்று மாலையே போல்ட்டைக் கழற்றினேன். பிறகு ஒரே ஓட்டத்தில் ஆழமாகத் தள்ளாமல், இரண்டு விரல் கனத்துக்கு மெல்லிய அடுக்காக நான்கைந்து முறை தள்ளத் தொடங்கினோம். நேரம் சற்றுக் கூடுகிறது. சுருள்வில் மடங்குவதே அரிதாகிவிட்டது.

மண் கனமாயிற்றே என்று குறுகிய பிளேடு வாங்கவும் கூடாது. 60 அங்குலப் பிளேடை 30 பாகை சாய்த்தால் அது துடைக்கும் அகலம் 52 அங்குலமாகக் குறையும். வண்டியின் அகலம் 47 அங்குலத்துக்குச் சற்று மேல். 50 அங்குலப் பிளேடு என்றால் சாய்த்தபின் 43 அங்குலம்தான் மிஞ்சும், தள்ளிய மண்ணின் மீதே டயர் ஏறும். நாங்கள் எப்போதும் சாய்த்தே ஓட்டுகிறோம். இரு ஓரங்களிலிருந்து மண்ணை நடுவுக்கு ஒதுக்கி, பாதையின் முதுகு சற்று மேடாக இருக்கும்படி விட்டால், மழைநீர் தானாகவே இருபுறத்துக் கால்வாய்க்கும் வடிந்துவிடும். டயர்களில் ஒரு பக்கம் காற்று ஒரு பிஎஸ்ஐ குறைந்தாலும் பிளேடு சாய்ந்து, பாதையில் நீளமாக ஒரு கோடு விழும். காலையில் காற்றளவைப் பார்க்காமல் யாரும் வண்டியை எடுப்பதில்லை.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனிப் பிரதேசத்தில் உறைநிலைக் காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். இங்கே நண்பகலில் 33 பாகை செல்சியஸ் வெப்பம். வண்டியும் ஊர்ந்து போகிறது. தூக்கி வைத்த பிளேடு முன்னால் நின்று காற்றை மறைக்கிறது. எங்கள் வண்டியின் மின்விசிறி ஏறக்குறைய நிற்காமல் ஓடுகிறது. சேறு காய்ந்து ரேடியேட்டரின் இதழ்களை அடைத்துக்கொள்வதால், வாரம் ஒருமுறை உள்ளிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தம் குறைந்த நீரில் கழுவுகிறோம். அழுத்த நீர்ப்பீச்சியால் அடித்தால் இதழ்கள் மடிந்துபோகும்.

பிளேடைத் தூக்கி இறக்குவது வின்ச், அதாவது கம்பிக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் மின் உருளை. இதில்தான் நாங்கள் எதிர்பாராத தேய்மானம் வந்தது. புதுக்கோட்டையிலிருந்து வந்து எங்களிடம் ஆறு ஆண்டுகளாக வேலை செய்யும் தம்பி ஒருநாள் கம்பிக் கயிற்றைக் கையுறை அணிந்த விரலால் வருடிக் காட்டி, “அண்ணே, முழுக் கயிறும் புதுசாத்தான் இருக்கு, இந்த ஒரு அடி மட்டும் பாருங்க” என்றார். உருளையின் மேல் வளையும் அந்த ஓர் அடியில் இழைகள் பிரிந்து, மீன் முள் போல நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு நாளில் இருநூறு முறை தூக்கினால் இருநூறு முறையும் அதே ஓர் அடிதான் வளைகிறது. அதன்பின் கயிற்றின் முனையில் கனத்த நைலான் பட்டை ஒன்றைக் கோத்துவிட்டோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டையை மட்டும் மாற்றுகிறோம். பிளேடு மேலே முட்டியபின்னும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் எந்தக் கயிறும் அறுந்துவிடும் என்பதால், மேல் எல்லையில் தானே நிற்கும் விசை ஒன்றையும் பொருத்தினோம். பிளேடு தூக்கியிருக்கும்போது யாரும் அதன் அடியில் காலை நீட்டக் கூடாது.

இழுவை வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. 600 கிலோ என்பது இழுவண்டியின் எடையையும் சேர்த்தது; எங்கள் இழுவண்டியே 90 கிலோ இருப்பதால், ஈரமான எருவை அரை கன மீட்டருக்கு மேல் ஏற்றுவதில்லை. விடியலுக்கு முன் சுமத்ரா புயற்காற்று வீசிய நாள்களில் பாதையில் விழுந்து கிடக்கும் கிளைகளை அறுத்து, லோ கியரில் கட்டி இழுப்போம். காலை உணவுக்குள் பாதை திறந்துவிடும்.

வண்டி எங்கள் நிலத்துக்குள் மட்டுமே ஓடுகிறது. பொதுச் சாலைக்கு அது போகாது. ஓட்டுநர் ஒருவர் மட்டுமே அமர்வார், தலைக்கவசம் அணிந்துதான்.

எண்ணெயை 80 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். கிளட்சுகளும் அதே எண்ணெயில் நனைவதால் இதில் கஞ்சத்தனம் கூடாது. பின் டயர்கள் ஒருமுறையும் மின்கலம் இருமுறையும் மாறியிருக்கின்றன. பிளேடின் அடிவிளிம்பில் உள்ள தேய்தகடு இருபுறமும் பயன்படக்கூடியது. ஒரு பக்கம் விரற்கடை அளவுக்குத் தேய்ந்துபோனதால், சென்ற மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஆறு போல்ட்டுகளையும் கழற்றித் திருப்பிப் போட்டேன். இரண்டு துருவேறி இருந்ததால் அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. இம்முறை எல்லாவற்றுக்கும் கிரீஸ் தடவியிருக்கிறேன்.